பழைய காருக்கு இன்றைய விலை என்ன? சென்னையில் நீங்களே கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

2019-ல் என் முதல் காரை விற்றேன். ஒன்பது வருட ஐ10, சிங்கிள் ஓனர், சர்வீஸ் ரசீதுகள் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்த டீலர் ஒருவர் பானெட்டைத் திறந்து உதட்டைப் பிதுக்கிவிட்டு ஒரு விலை சொன்னார். வேறு எங்கும் விசாரிக்காததால் அது நல்ல விலையா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து அதே வண்டி, அதே நம்பர், விளம்பரத்தில் 65,000 ரூபாய் கூடுதலாக நின்றது. லாபம் பார்ப்பது அவர் தொழில், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விலை தெரியாமல் பேச உட்கார்ந்தால் எவ்வளவு போகும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்கப்புறம் தம்பிக்கு, மாமாவுக்கு, ஆபீஸ் நண்பர்களுக்கு என்று பத்துப் பதினைந்து வண்டிக்காவது விலை பார்த்துக் கொடுத்திருப்பேன். அந்த முறையை அப்படியே கீழே எழுதுகிறேன். ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும், செலவு என்று பார்த்தால் கடைசியில் மெக்கானிக்குக்குக் கொடுப்பது மட்டும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்க்கெட் விலை என்பது ஏதோ ஒரு இணையதளத்தில் ஒற்றை எண்ணாகக் காத்துக்கொண்டிருக்கும் விஷயம் இல்லை. இதே மாதிரி வண்டி, இந்த ஊரில், இந்த மாதம் எவ்வளவுக்குக் கைமாறுகிறதோ அதுதான் அதன் விலை. அதற்கு ஒரு மேல் வரம்பு இருக்கும், ஒரு கீழ் வரம்பு இருக்கும். அந்த இரண்டையும் பேசப் போவதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வைத்திருப்பவர் பக்கம்தான் பேரம் சாயும்.

முதல் படி: வண்டியின் ஜாதகம்

"2018 ஸ்விஃப்ட்" என்று மட்டும் வைத்துக்கொண்டு விலை தேடாதீர்கள். வேரியன்ட், பெட்ரோலா டீசலா, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், எந்த ஆர்டிஓ பதிவு, இன்சூரன்ஸ் எது வரை, இவ்வளவும் வேண்டும். ஆர்சியின் (பதிவுச் சான்றிதழ்) போட்டோ இரண்டு பக்கமும் கேட்டு வாங்குங்கள். அதில் தயாரித்த மாதமும் வருடமும் தனியாக இருக்கும், பதிவான தேதி தனியாக இருக்கும். 2017 நவம்பரில் தயாராகி 2018 பிப்ரவரியில் பதிவான வண்டியை விற்பவர் "2018 மாடல்" என்றுதான் சொல்வார், நீங்கள் அதை 2017 வண்டிகளோடு வைத்து ஒப்பிடுங்கள், நாளை நீங்கள் விற்கும்போது வருகிறவர் அப்படித்தான் பார்ப்பார்.

எம்-பரிவாகன் என்ற அரசு செயலியில் நம்பரைப் போட்டால் பதிவு எது வரை செல்லும், இன்சூரன்ஸ் இருக்கிறதா, கடன் கொடுத்த வங்கி பதிவில் நிற்கிறதா என்பதெல்லாம் வரும். இ-சலான் தளத்தில் அபராத பாக்கியையும் பார்த்துவிடுங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம், அப்புறம் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டிக்க வேண்டும், 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் தாண்டிய, 20 வருடம் ஆகாத காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய், எஃப்சிக்காக டிங்கரிங், பெயிண்ட் என்று ஆகும் செலவு தனி. அதனால் 13, 14 வயது வண்டிக்கு விலை போடும்போது இந்தச் செலவை இப்போதே கழிக்க வேண்டும்.

இரண்டாம் படி: கேட்கும் விலைகளைத் திரட்டுவது

ஓஎல்எக்ஸ், கார்வாலே, கார்தேகோ, ஸ்பின்னி, கார்ஸ்24, மாருதி ட்ரூ வேல்யூ என்று நாலைந்து இடங்களில் தேடி, உங்கள் வண்டியோடு ஒத்துப்போகிற விளம்பரங்களைப் பத்துப் பதினைந்தாவது எடுங்கள். வருடம் ஒன்று முன்னே பின்னே இருக்கலாம், கிலோமீட்டர் பத்தாயிரம் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் வேரியன்டும் எரிபொருளும் அதேதான் இருக்க வேண்டும். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் போதும், கோயம்புத்தூர் விலையை இங்கே கலக்காதீர்கள். ஒரு நோட்டில் விலை, கிலோமீட்டர், ஓனர், விற்பவர் தனி ஆளா டீலரா என்று நாலு கட்டம் போட்டு எழுதுங்கள்.

எழுதியதை விலை வரிசையில் அடுக்கி, சரியாக நடுவில் நிற்கும் விலையைப் பிடியுங்கள். சராசரி எடுக்காதீர்கள், ஆசைப்பட்டு ஒரு லட்சம் கூட்டிப் போட்டிருக்கும் ஒரே ஆள் உங்கள் சராசரியைக் கெடுத்துவிடுவார். மிகவும் கீழே தனியாக நிற்கும் விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். அது மோசடியாக இருக்கும், இல்லையென்றால் அடிபட்ட வண்டியாக இருக்கும்.

இது கேட்கும் விலைதான், முடியும் விலை இல்லை. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு: அந்த விளம்பரங்களைச் சேமித்து வைத்து ஒரு வாரம் தினமும் பாருங்கள். இரண்டு நாளில் காணாமல் போனது சரியான விலை. அந்த ஒரு வாரத்தில் இரண்டு தடவை குறைத்தும் நிற்பது அதிக விலை. நான் பார்த்த வரை தனி ஆள் விற்பனையில் கேட்டதிலிருந்து ஐந்து முதல் பத்து சதவீதம் இறங்கித்தான் முடிகிறது, நடுவில் நின்ற விலையில் அதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் மேல் வரம்பு. விலை பேசுவதற்கே இடம் கொடுக்காத தளங்களில் போட்டிருக்கும் விலைதான் விலை, ஆனால் அதில் அவர்களுடைய பழுதுபார்ப்பு, வாரண்டி, லாபம் மூன்றும் சேர்ந்திருக்கும்.

மூன்றாம் படி: கீழ் வரம்பு

டீலர் என்ன விலைக்கு வாங்குவார் என்பதுதான் கீழ் வரம்பு. உங்கள் வண்டியை விற்கிறீர்கள் என்றால் இது சுலபம், வீட்டுக்கே வந்து பார்க்கும் இரண்டு கம்பெனிகளையும் பக்கத்து டீலர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விலை கேளுங்கள், எழுத்தில் அல்லது வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குபவராக இருந்தால் ஆரஞ்ச் புக் வேல்யூ, கார்வாலே மாதிரி விலைக் கணிப்பான்களில் விவரம் கொடுத்து, டீலருக்கு விற்றால் என்ன விலை என்று அவை காட்டும் எண்ணை எடுங்கள். "எக்ஸலன்ட்" நிலை என்று தேர்ந்தெடுக்காதீர்கள், ஐந்தாறு வருடம் சென்னை டிராஃபிக்கில் ஓடிய வண்டி எதுவும் அந்த நிலையில் இருப்பதில்லை, "குட்" போதும்.

டீலர் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள தூரம் பலருக்குக் கோபம் தரும். அந்த இடைவெளியில் அவருடைய இட வாடகை, பழுதுவேலை, வண்டி நிற்கும் நாட்களின் வட்டி எல்லாம் அடங்கும். 2025 ஜனவரியிலிருந்து ஜிஎஸ்டி பதிவுள்ள டீலர் எந்தப் பழைய காருக்கும் தன் லாபத்தின் மீது 18 சதவீதம் வரி கட்ட வேண்டும். நீங்களும் நானும் நேருக்கு நேர் விற்று வாங்கினால் அந்த வரி இல்லை. அந்த மிச்சத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வதுதான் தனி ஆள் விற்பனையின் ஆதாயம்.

நான்காம் படி: மேல் வரம்பைப் புது வண்டி விலையோடு சரிபார்ப்பது

இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அதே மாடல், இல்லையென்றால் அதன் இடத்துக்கு வந்த மாடல், இன்று சென்னையில் ஆன்-ரோடு என்ன விலை என்று ஷோரூமில் கொட்டேஷன் வாங்குங்கள். சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராத எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் பார்த்தால் தப்பாகும், ஏனென்றால் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி 2023 நவம்பரில் ஏறியது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தைத் தாண்டிய வண்டிகளில் இந்த வரி பெரிய தொகை, பழைய வண்டி வாங்கும்போது அது ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்பதும் விலையில் ஒரு பகுதிதான்.

அப்புறம், 2025 செப்டம்பர் 22-ஐ நினைவில் வையுங்கள். அன்றிலிருந்து 4 மீட்டருக்குள் அடங்கும், 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் உள்ள புதுக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனது, அதற்கு முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29 இருந்தது. புது வண்டி விலை இறங்கினால் இரண்டு மூன்று வயதுப் பழைய வண்டியின் விலையும் கூடவே இறங்கியாக வேண்டும். "நான் ஏழரை லட்சம் கொடுத்து எடுத்தேன் சார்" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கும், அது வருத்தமும்தான், ஆனால் இன்றைய வாங்குபவர் ஒப்பிடுவது இன்றைய ஷோரூம் விலையோடு. இரண்டு வயதுப் பழைய வண்டி, புதுசின் ஆன்-ரோடு விலையில் 85 சதவீதத்துக்கு மேல் போனால் நான் புதுசையே எடுக்கச் சொல்லிவிடுவேன்.

ஐந்தாம் படி: காகிதத்தால் ஏறுவதும் இறங்குவதும்

சிங்கிள் ஓனருக்கும் செகண்ட் ஓனருக்கும் விலையில் வித்தியாசம் உண்டு, மூன்றாவது ஓனரிலிருந்து வாங்க ஆளே குறைந்துவிடும். டி போர்டாக ஓடி ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டி என்றால் தனிக் கணக்கு. வாடகைக்கு ஓடிய வண்டி வருடத்தில் ஓடும் தூரத்தை வீட்டு வண்டி நாலைந்து வருடத்தில்கூட ஓடாது. நம்பர் பிளேட் பழைய இடத்தில் மஞ்சள் பெயிண்ட் மிச்சம் இருக்கிறதா என்று தேடுவதைவிட, சர்வீஸ் வரலாற்றில் மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பாருங்கள், உண்மை அங்கே இருக்கும்.

வெளி மாநில வண்டி, குறிப்பாக டெல்லி டீசல், சென்னையில் கண்ணைப் பறிக்கும் விலையில் வரும். அங்கே டீசலுக்கு பத்து வருடக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து வயதாகும் முன்பே தள்ளிவிடுகிறார்கள். அந்த விலையோடு என்ஓசி (பழைய ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று), இங்கே வயதுக்கேற்பக் கட்ட வேண்டிய ஆயுட்கால வரி, புது நம்பர், இதற்கெல்லாம் அலையும் நாட்கள், எல்லாவற்றையும் கூட்டிவிட்டு அப்புறம் மலிவா என்று பாருங்கள். புதுச்சேரி பதிவு வண்டிக்கும் இதே கணக்குதான்.

கடன் முடிந்தும் ஆர்சியில் வங்கி பெயர் நிற்கும் வண்டிகள் ஏராளம். வங்கியின் என்ஓசியும், ஆர்சியிலிருந்து வங்கி பெயரை நீக்கும் படிவம் 35-ம் கையில் வரும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸில் இரண்டு விஷயம். ஐடிவி என்று பாலிசியில் போட்டிருக்கும் தொகையை (வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி தரும் உச்சத் தொகை) காட்டி "கம்பெனியே இந்த விலை போட்டிருக்கிறது" என்று சிலர் பேசுவார்கள். ஐடிவி ஒரு தேய்மான அட்டவணையில் வரும் எண்: ஒன்று முதல் இரண்டு வருடத்துக்கு 20 சதவீதக் கழிவு, மூன்று வருடம் வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்கப்புறம் நீங்களும் கம்பெனியும் பேசிக்கொள்வது. எல்லா மாடலுக்கும் ஒரே சதவீதம், ஆனால் மார்க்கெட்டில் இனோவாவும், கம்பெனியே இந்தியாவில் நிறுத்திவிட்ட மாடலும் ஒரே வேகத்திலா விலை இறங்குகின்றன? மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஓட்ட நல்ல வண்டி, ஆனால் ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு வாங்க யோசிப்பவர்கள் கூடிவிட்டார்கள், ஐடிவிக்கு அது தெரியாது. இன்னொன்று, நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 50 சதவீதம் இருக்கிறது என்று விலை கூட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது ஓனருக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை, உங்கள் பெயருக்குப் பாலிசி மாறும்போது அந்தத் தள்ளுபடித் தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: நேரில் பார்ப்பது

இங்கேதான் நேரம் செலவு செய்யுங்கள். காலையில் போங்கள், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள், தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போய் ஆயிரம் ரூபாயாவது கொடுங்கள்.

சென்னையில் முதல் கேள்வி தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இரண்டிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் ஜன்னல் வரை மூழ்கிக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அது பட்ட பாடு கற்றுக்கொடுத்தது. அந்தப் பகுதி வண்டி என்பதாலேயே ஒதுக்காதீர்கள், பத்திரமாக மேலே ஏற்றி வைத்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

2024-ல் மச்சானுக்காக மேடவாக்கம் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போனோம். வெளியே பளபளவென்று பாலிஷ், உள்ளே புது சீட் கவர், எலுமிச்சை வாசனை. என்னோடு வந்த மெக்கானிக் எஞ்சின் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்துக்கொண்டே இருந்தார், சாதாரணமாக யாரும் இழுக்காத கடைசி ஒரு சாண் வரை. அங்கே பெல்ட் குறுக்கே காய்ந்த டீக்கறை மாதிரி பழுப்பாக ஒரு கோடு. "அண்ணே, இதுக்கு மேல எதுக்குப் பார்க்கணும்" என்றார். சீட்டுக்கடியில் தண்டவாளம் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வண்டல். சர்வீஸ் வரலாற்றைக் கேட்டோம், 2023 டிசம்பர் கடைசியில் டோ செய்து கொண்டுபோன பதிவு இருந்தது. தண்ணீர் கண்ட வண்டிக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று என்னைக் கேட்டால் பதில் ஒன்றுதான், விலை பேசாதீர்கள், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒயரிங் கோளாறு எப்போது எங்கே கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது கடற்காற்று. பெசன்ட் நகர், கொட்டிவாக்கம், நீலாங்கரை என்று கடலோரம் வெட்டவெளியில் பல வருடம் நின்ற வண்டிக்கு, கதவின் அடி விளிம்பு, சைலன்சர், அடித்தகடு மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் விலையில் குறைக்கலாம், தகடு உப்பித் தட்டினால் சத்தம் மாறுகிறது என்றால் வேண்டாம்.

அடிபட்டதா என்று பார்க்க: பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு, கதவு இடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே அகலமாக இருக்கிறதா, ஒரே ஒரு கண்ணாடியில் மட்டும் தயாரிப்பு வருடம் வேறாக இருக்கிறதா. பம்பர் பெயிண்ட் அடித்திருப்பது இந்த ஊரில் சகஜம், அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். பில்லரிலும் (கூரையைத் தாங்கும் தூண்கள்) ஏப்ரனிலும் (பானெட்டுக்குள் இரண்டு பக்கமும் உள்ள தகடு) வெல்டிங் இருந்தால்தான் கவலை.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதற்கு, ஓனரை வைத்தே கம்பெனி சர்வீஸ் சென்டரில் முழு வரலாற்றையும் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு சர்வீஸ் தேதிக்கும் எதிரே கிலோமீட்டர் இருக்கும், நடுவில் எங்காவது எண் பின்னால் போனால் தெரிந்துவிடும். கடைசி மூன்று வருடம் வெளியில் சர்வீஸ் என்றால் பெடல் ரப்பர், ஸ்டியரிங், டிரைவர் சீட் ஓரம் மூன்றையும் பார்த்து மெக்கானிக் சொல்வதை நம்புங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டை நிறைய இருந்தாலும் ஆறு வருட டயர் மாற்ற வேண்டியதுதான்.

ஏழாம் படி: கணக்கு

முறையைக் காட்டத்தான் இந்த எண்கள், இதை இன்றைய விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிஎன் 22 பதிவு, 2018 பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஓனர், 64,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திரட்டிய விளம்பரங்களில் நடுவில் நிற்பது 4.95 லட்சம், ஏழு சதவீதம் கழித்தால் 4.60. டீலர் வாங்கும் விலை மூன்று இடத்தில் 3.95, 4.05, 4.10, நடுவில் 4.05. ஆக, குறையில்லாத சிங்கிள் ஓனர் வண்டிக்கு இடைவெளி 4.05 முதல் 4.60 வரை. இப்போது இந்த வண்டியின் குறைகள்: செகண்ட் ஓனர் 15,000, நாலு டயர் 18,000, கிளட்ச் வேலை 9,000, அடுத்த மாதம் முடியும் இன்சூரன்ஸ் 8,000. மொத்தம் 50,000, அதை இரண்டு முனையிலும் கழியுங்கள். 3.55 முதல் 4.10. நான் 3.75-ல் பேச்சை ஆரம்பித்து, 4.10-ஐத் தாண்டினால் எழுந்துவிடுவேன்.

பேசும்போது மொத்தமாகக் குறைக்கக் கேட்காதீர்கள். "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்" என்றால் அவர் இரண்டாயிரம் குறைப்பார். நோட்டைத் திறந்து டயர் இவ்வளவு, கிளட்ச் இவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினால் அவர் அந்தந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சில நேரம் அவர் "டயர் நானே போட்டுத் தருகிறேன்" என்பார், அதுவும் நல்லதுதான், ஆனால் எந்த பிராண்ட் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

காலத்தையும் பாருங்கள். ஆடி மாதத்தில் வண்டி எடுக்கத் தயங்குபவர்கள் இன்னும் நிறைய, அதனால் அப்போது விற்பவர் இறங்கி வருவார். ஆயுத பூஜை, தீபாவளி நேரத்தில் எக்ஸ்சேஞ்சில் வந்த வண்டிகள் அதற்கடுத்த மாதம் டீலர்களிடம் குவியும். டிசம்பர் கடைசியில் விற்பவர் அவசரப்படுவார், ஜனவரி பிறந்தால் அவர் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும்.

விற்பவர்களுக்கு

மேலே சொன்னதையே தலைகீழாகச் செய்யுங்கள். டீலர் விலை கையில் இருந்தால், அதற்கு மேல் வருவதெல்லாம் உங்களுக்கு ஆதாயம், வராவிட்டாலும் நஷ்டமில்லை. விற்கும் முன் பெரிய செலவு வேண்டாம், புது டயர் போட்ட காசு முழுசாகத் திரும்பி வராது. வாட்டர் வாஷ், பல்பு, வைப்பர், சர்வீஸ் வரலாற்றின் பிரதி, வங்கி என்ஓசி, சலான் பாக்கி தீர்த்த ரசீது, இவற்றைத் தயாராக வைத்திருந்தாலே வருகிறவர் விலை குறைக்கக் காரணம் தேடித் திணறுவார். அடிபட்டிருந்தால் நீங்களே முதலில் சொல்லி, ரிப்பேர் பில்லைக் காட்டிவிடுங்கள், அவர்களே கண்டுபிடித்தால் அந்த ஒரு குறைக்கு மூன்று மடங்கு கழிப்பார்கள்.

டோக்கன் அட்வான்ஸ் வாங்கினால், எவ்வளவு, மீதி எப்போது, பின்வாங்கினால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வண்டியைக் கொடுக்கும் அன்று தேதியோடு நேரமும் எழுதிய டெலிவரி நோட் வாங்குங்கள், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்ட பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் கழித்து எம்-பரிவாகனில் நம்பரைப் போட்டுப் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள், மாறவில்லை என்றால் அன்றைக்கே வாங்கியவருக்கு போன் செய்யுங்கள்.